மசில் கார்களுக்கு இனி என்ன எதிர்காலம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் பக்கம் நான் இருக்கிறேன் என்று தெரிந்ததும், கார் பைத்தியம் பிடித்த நண்பர்கள் எல்லோரும் சுற்றிவளைத்து ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: "வி8 எஞ்சின் போயிடுமா?" எரிபொருள் சிக்கன விதி இறுகுகிறது என்றார்கள், பிறகு தளர்ந்துவிட்டது என்றார்கள். நடுவில் டாட்ஜ் சேலஞ்சர் நின்றது, செவ்ரலே கமேரோ நின்றது. என்னிடம் வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், மசில் கார் என்று எதைச் சொல்கிறார்கள்?

நடுத்தர அளவில், இரண்டு கதவோடு, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் ஒரு அமெரிக்கக் கார். அதற்குள், அதைவிடப் பெரிய காருக்கென்று செய்த வி8 எஞ்சின். அசல் சூத்திரம் இவ்வளவுதான். வி8 என்றால் எட்டு சிலிண்டர், நாலு நாலாக இரண்டு வரிசையில் சாய்ந்து நிற்பது.

1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓவைத்தான் பலரும் முதல் மசில் கார் என்பார்கள். நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்குள் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. போன்டியாக்கின் ஜான் டிலோரியனும் அவருடைய கூட்டாளிகளும் 389 கன அங்குலத்தை, அதாவது 6.4 லிட்டர் எஞ்சினை, டெம்பஸ்ட் காரின் கூடுதல் வசதிப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். தனி மாடல் இல்லை என்பதால் கட்டுப்பாடு குறுக்கே வரவில்லை. 300 டாலருக்குள் கூடுதலாகக் கட்டினால் 325 குதிரைத்திறன் கிடைத்தது. முதல் வருஷமே 32,000க்கு மேல் விற்றது.

அதே 1964 ஏப்ரல் 17 அன்று ஃபோர்டு மஸ்டங் 2,368 டாலருக்கு அறிமுகமானது. இன்றைய பண மதிப்பில் சுமார் 24,000 டாலர். கறாராகப் பிரிப்பவர்கள் அதை போனி கார், அதாவது மசில் காரைவிடச் சின்ன ஸ்போர்ட்ஸ் தோற்றக் கார், என்பார்கள். இங்கே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

'சாமானியர் வாங்கக்கூடிய விலை' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். இன்று ஆபத்தில் இருப்பது அந்த விலைதான் என்பது என் கருத்து.

எரிபொருள் சிக்கன விதி எப்படி வேலை செய்கிறது?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. அந்த அடியின் விளைவாக 1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்ததுதான் 'கஃபே' விதி, அதாவது நிறுவனச் சராசரி எரிபொருள் சிக்கன விதி. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு மாடல் ஆண்டில் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி மைலேஜுக்கு ஒரு இலக்கு. 1978க்கு கேலனுக்கு 18 மைல், 1985க்கு 27.5 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 7.6 கிலோமீட்டரும் 11.7 கிலோமீட்டரும்.

சராசரி எடுக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நிறுவனம் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஒன்றும், 30 கொடுக்கும் கார் ஒன்றும் விற்கிறது என்று வையுங்கள். சராசரி 20 என்றுதான் சட்டென்று தோன்றும். ஆனால் விதி கேட்பது வேறு: இரண்டு காரும் 30 கிலோமீட்டர் ஓடினால் மொத்தம் எவ்வளவு பெட்ரோல் செலவாகும்? முதலாவது 3 லிட்டர், இரண்டாவது 1 லிட்டர். 60 கிலோமீட்டருக்கு 4 லிட்டர், ஆக சராசரி 15. அதிகம் குடிக்கும் கார், மேலோட்டமாகத் தெரிவதைவிட ரொம்பப் பலமாகச் சராசரியைக் கீழே இழுக்கிறது. மசில் காருக்கு இந்தக் கணக்கு எப்போதுமே பகை.

அப்புறம், எல்லா வண்டிக்கும் ஒரே இலக்கு இப்போது கிடையாது. நான்கு சக்கரமும் தரையில் அடைக்கும் பரப்பைக் கணக்கிட்டு, வண்டி பெரிதாக இருந்தால் எளிதான இலக்கு, சின்னதாக இருந்தால் கடினமான இலக்கு. பிக்கப்பும் பெரும்பாலான எஸ்யூவிகளும் 'லைட் டிரக்' என்ற தனிக் கணக்கில் போய்விடும். அங்கே இலக்கு இன்னும் எளிது.

செய்திகளில் வரும் எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவை ஆய்வுக்கூட உருளைகளின் மேல் ஓட்டிப் பெறும் எண்கள். ஷோரூமில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மைலேஜ் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும்.

சமீப வருஷங்களில் விதி இறுகியதா, தளர்ந்ததா?

இரண்டும் நடந்தது. 2012இல் ஒபாமா அரசு 2025க்குள் 54.5 மைல் என்று இலக்கு வைத்தது. 2020இல் டிரம்ப் அரசு அதை வருஷத்துக்கு 1.5 சதவீத முன்னேற்றம் போதும் என்று தளர்த்தியது. 2022இல் பைடன் அரசு 2026க்குள் சுமார் 49 மைல் என்று திரும்ப இறுக்கியது. 2024இல் 2031 வரைக்குமான இலக்கு சுமார் 50 மைல் என்று வந்தது. 2025 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் கஃபே அபராதத்தையே பூஜ்யமாக்கியது. அதே டிசம்பரில், 2031க்கு 34.5 மைல் போதும் என்ற முன்மொழிவு வெளியானது.

ஒரு புதுக் காரைக் காகிதத்திலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவர நாலைந்து வருஷம் பிடிக்கும். எஞ்சின் புதிது என்றால் இன்னும் கூட. விதி அதைவிட வேகமாகத் திசை மாறினால் பொறியாளர் எந்த எண்ணை நம்பி எஞ்சினை வரைவார்? இறுக்கமான விதியைக்கூடச் சமாளித்துவிடலாம். நாளைக்கு எது விதி என்று தெரியாமல் இருப்பதுதான் இந்தத் துறையை வதைக்கிறது.

விதிப்படி வி8 காருக்குத் தடை உண்டா?

இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சராசரி தவறினால் நிறுவனம் அபராதம் கட்டும், அவ்வளவுதான். 2025க்கு முன்பு இருந்த கணக்கில், 0.1 மைல் குறைந்தால் காருக்கு 17 டாலர் என்ற நிலை வரை போனது. ஒரு மைல் குறைந்து, ஒரு லட்சம் கார் விற்றிருந்தால் 1.7 கோடி டாலர். இது வெறும் மிரட்டல் இல்லை. 2016, 2017 மாடல்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 12.8 கோடி டாலர் கட்டியது. டாட்ஜின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2019, 2020 மாடல்களுக்காக 19 கோடி டாலர் அளவில் கட்டியது.

இதைத் தவிர, வாங்குபவர் தலையில் விழும் வரி ஒன்று உண்டு. 'கேஸ் கஸ்லர்' வரி என்பார்கள், பெட்ரோல்குடி வரி என்று வைத்துக்கொள்ளலாம். 1978இல் சட்டமாகி 1980 மாடல்களிலிருந்து வந்தது. 22.5 மைலுக்குக் கீழே போகும் காருக்கு 1,000 டாலரில் ஆரம்பித்து 7,700 டாலர் வரை. அபராதம் பூஜ்யமான பிறகும் இது அப்படியேதான் இருக்கிறது.

இதில் என்னை உறுத்தும் ஓர் அநியாயம் உண்டு. டாட்ஜின் 6.2 லிட்டர், காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் வைத்த ஹெல்கேட் எஞ்சின் சேலஞ்சர் காரில் இருந்தபோது, வாங்கியவர் 2,000 டாலர் அளவுக்கு இந்த வரியைக் கட்டினார். அதே எஞ்சின் வைத்த ராம் டிஆர்எக்ஸ் பிக்கப் கேலனுக்கு 12 மைல்தான் கொடுத்தது, லிட்டருக்கு 5 கிலோமீட்டர். அதற்கு வரி ஒரு சல்லி கிடையாது. டிரக் வகைக்கு விலக்கு என்று 1978இல் எழுதியது, வேலைக்கும் விவசாயத்துக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்காக. இன்று 700 குதிரைத்திறன் பிக்கப்பும் அந்த நிழலில் நிற்கிறது.

1970களில் மசில் கார்களைக் கொன்றது இந்த விதிதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

உச்சம் 1970. அந்த வருஷ செவ்ரலே செவெல் எஸ்எஸ் 454 காரின் எல்எஸ்6 எஞ்சின் 450 குதிரைத்திறன். அதே வருஷம் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்த வேண்டும் என்றால் பெட்ரோலில் ஈயம் இருக்கக்கூடாது. ஈயம் போனால் ஆக்டேன், அதாவது பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், குறையும். ஆக்டேன் குறைந்தால், சிலிண்டருக்குள் எரிகலவையை எவ்வளவு நசுக்குகிறோம் என்ற அழுத்த விகிதத்தைக் குறைக்காமல் எஞ்சின் ஓடாது, தட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களிலேயே அழுத்த விகிதத்தை இறக்கிவிட்டது. இன்னொரு பக்கம், இளைஞர்கள் வாங்கும் பெரிய எஞ்சின் கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போயின. மாதத் தவணையோடு காப்பீடும் சேர்ந்தபோது இருபது வயதுப் பையனால் தாங்க முடியவில்லை. 1973இல் எண்ணெய்த் தடை. 1974 ஜனவரியில் நாடு முழுக்க 55 மைல் வேக வரம்பு.

கஃபே இலக்கு அமலுக்கு வந்தது 1978இல். அதற்குள் பெரும்பாலான மசில் கார்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. 1974 மஸ்டங்கில் வி8 எஞ்சினே கிடையாது. பின்டோ என்ற சின்னக் காரின் அடித்தளத்தில் செய்தார்கள், நாலு சிலிண்டர் அல்லது ஆறு சிலிண்டர். செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் 1975இன் அடிப்படை எஞ்சின் 5.7 லிட்டர் வி8, ஆனால் 165 குதிரைத்திறன்தான்.

இதில் ஒரு பகுதி காகிதத்தில் நடந்த சரிவு என்பதையும் சொல்ல வேண்டும். 1971 வரை விசிறி, ஆல்டர்னேட்டர், சைலென்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மேடையில் நிறுத்தி அளந்த எண்ணைத்தான் விளம்பரம் செய்தார்கள். 1972 முதல், காரில் இருக்கும்படியே எல்லாம் பொருத்தி அளந்தார்கள். அதே எஞ்சினுக்கே எண் சடாரென்று இறங்கியது. பழைய 450ஐயும் இன்றைய 480ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியென்றால் அவை மீண்டு வந்தது எப்படி?

கார்புரேட்டர் போய், கணினி வழி நடத்தும் பெட்ரோல் பீச்சு முறை வந்தது. 1982 மஸ்டங் ஜிடியின் 5.0 எஞ்சின் 157 குதிரைத்திறன். 1987இல் அதே அளவு எஞ்சின் 225. 2011இல் வந்த கயோட்டி 5.0 எஞ்சின் 412. இப்போது 480. விதி இருந்த காலம் முழுவதும் சக்தி ஏறிக்கொண்டேதான் இருந்தது. அதே 2011இல் மஸ்டங்கின் வி6 எஞ்சின் 305 குதிரைத்திறனோடு நெடுஞ்சாலையில் 31 மைல் கொடுத்தது. ஒவ்வொரு சொட்டையும் எண்ணி எரிக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் நல்ல எஞ்சின்களைச் செய்ய வைத்தது என்று நான் நம்புகிறேன். விதியை வெறும் எதிரியாகப் பார்க்கும் ரசிகர்களோடு எனக்கு எப்போதும் இதில் வாக்குவாதம்தான்.

எல்லா உத்தியும் அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கையால் கியர் மாற்றும் கமேரோவையோ சேலஞ்சரையோ ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சிக்னலில் இருந்து அமைதியாகக் கிளம்பி, முதல் கியரிலிருந்து இரண்டுக்குக் கையை இழுத்தால் கம்பி வழிவிடாது. நாலாவது கியர் பக்கம் தள்ளும். மெதுவாகப் போகிறவர் நேரே நாலுக்குப் போனால் சோதனையில் மைலேஜ் எண் ஏறும், பெட்ரோல்குடி வரியும் குறையும். அதற்காக கியர்பாக்ஸில் ஒரு சின்ன மின்காந்தப் பூட்டு வைத்தார்கள். 1989 கார்வெட்டிலிருந்து தொடர்ந்த ஏற்பாடு இது. நண்பர் ஒருவருடைய காரில் எனக்கு முதல் தடவை இது நேர்ந்தபோது கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்றே பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் கோபமா மிதி, வழிவிடும்" என்றார். இந்தப் பூட்டை ஏமாற்ற ஒரு சின்ன மின்செருகி வாங்கிப் பொருத்திக்கொண்டவர்கள் ஏராளம்.

தேவையில்லாத நேரத்தில் எட்டில் நாலு சிலிண்டரை அணைத்து வைக்கும் உத்தி இன்னும் நாகரிகமானது. 1981இல் காடிலாக் முயன்று தோற்றது, அன்றைய கணினிக்கு வேகம் போதவில்லை. 2000களின் நடுவில் கிரைஸ்லரின் ஹெமி என்ற வி8 எஞ்சினில் அது சரியாக வேலை செய்தது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது எப்போது நாலாகிறது, எப்போது எட்டாகிறது என்று காதை வைத்துக் கேட்டாலும் லேசில் பிடிபடாது.

சேலஞ்சரும் கமேரோவும் நின்றதற்குக் காரணம் விதியா?

சேலஞ்சருக்குப் பெரும்பாலும் ஆம். டாட்ஜும் கிரைஸ்லரும் 2016 வாக்கில் டார்ட், 200 போன்ற சின்னக் கார்களை நிறுத்திவிட்டன. சராசரியைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. மிச்சம் இருந்த கார்களில் சேலஞ்சரும் சார்ஜரும்தான் பிரதானம். அபராதம் கட்டினார்கள், இலக்கைத் தாண்டிய டெஸ்லா போன்ற நிறுவனங்கள் சேர்த்து வைத்த புள்ளிகளை விலைக்கு வாங்கினார்கள். அடித்தளமும் பழையதாகிவிட்டது. 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் தொழிற்சாலையில் கடைசி சேலஞ்சர் வெளியே வந்தது. கடைசி வருஷத்தில் வந்த டீமன் 170 மாடல், எத்தனால் கலந்த ஈ85 எரிபொருளில் 1,025 குதிரைத்திறன். மொத்தம் 3,300 கார், ஒன்றின் விலை 96,666 டாலர். அற்புதமான எஞ்சின். ஆனால் மசில் கார் எந்தத் திசையில் போகிறது என்பதை அந்த விலை காட்டிவிட்டது.

கமேரோவின் கதை வேறு. 2024 மாடலோடு மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் ஆலையில் அது நின்றபோது விதியைக் காட்டிலும் விற்பனைதான் காரணம். கமேரோ 2002இலும் இப்படி நின்று, 2010 மாடலாகத் திரும்பி வந்தது. ஜன்னல் சின்னது, பின் இருக்கையில் உட்கார முடியாது. அதே பணத்துக்கு உயரமான எஸ்யூவி கிடைக்கும்போது குடும்பஸ்தர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

சந்தை எப்படிச் சுருங்கியது என்பதற்கு மஸ்டங்கே சாட்சி. 1966இல் 6 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2015இல் அமெரிக்காவில் 1.22 லட்சம். 2023இல் 50,000க்கும் கீழே. இந்தச் சரிவை எந்த விதியின் தலையிலும் முழுதாகக் கட்டிவிட முடியாது. இரண்டு கதவுக் கார் வாங்கும் பழக்கமே மறைந்துகொண்டிருக்கிறது.

மஸ்டங் மட்டும் எப்படித் தப்பித்தது?

அதன் கீழ்நிலை மாடலில் 2.3 லிட்டர், நாலு சிலிண்டர் டர்போ எஞ்சின் இருக்கிறது. 315 குதிரைத்திறன். வாடகைக் கார் நிறுவனங்களும், தோற்றத்துக்காக வாங்குபவர்களும் அதை வாங்கும்போது வி8 மாடலின் பாவத்தை அது சுமக்கிறது. உலகம் முழுக்க விற்பதும் ஒரு பலம். இத்தனைக்கும் அமெரிக்காவில் ஃபோர்டு இன்று விற்கும் ஒரே பெட்ரோல் கார் மஸ்டங்தான். மற்றதெல்லாம் எஸ்யூவி, பிக்கப், வேன்.

ஆறு சிலிண்டர் டர்போ வைத்தால் அது மசில் காரா?

டாட்ஜின் புது சார்ஜர் சிக்ஸ்பேக் வந்ததிலிருந்து ரசிகர்கள் இதற்காகத்தான் சண்டை போடுகிறார்கள். 3 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. ஒரு வகையில் 420, இன்னொன்றில் 550 குதிரைத்திறன். பழைய 5.7 லிட்டர் ஹெமியை இரண்டுமே மிஞ்சும்.

என் பதில்: ஆம், மசில் கார்தான். 1987 பியூக் ஜிஎன்எக்ஸ் காரை நினைத்துப் பாருங்கள். 3.8 லிட்டர் வி6, டர்போ, கருப்பு நிறம், மொத்தம் 547 கார். அந்த வருஷ கார்வெட்டையே நின்ற நிலையிலிருந்து கிளம்பும் ஓட்டத்தில் முந்தியது. இன்று அதை மசில் கார் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஏலத்தில் அதன் விலையைக் கேட்டால் தலைசுற்றும்.

சத்தம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். குளிர்ந்த காலை நேரத்தில் வி8 எஞ்சினை முதலில் உயிர்ப்பிக்கும்போது ஒரு கனைப்பு வரும். பிறகு சீரில்லாத ஒரு துடிப்பு, இரண்டு பக்க சைலென்சரிலும் சிலிண்டர்கள் சம இடைவெளியில் வெடிக்காததால் வருவது. வரிசை ஆறு அப்படித் தடுமாறாது, மிருதுவாக ஏறும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் துடிப்பு அதில் இருக்காது.

மின்சார மசில் கார் ஏன் எடுபடவில்லை?

2024இல் வந்த சார்ஜர் டேடோனா மின்சாரக் கார். உயர்ந்த மாடலில் 670 குதிரைத்திறன். வேகத்தில் குறையே இல்லை. சத்தத்துக்காக, பின்பக்கம் குழாயும் அறையும் ஒலிபெருக்கியும் சேர்ந்த ஓர் அமைப்பை வைத்து, 126 டெசிபல் வரை போகும் என்றார்கள்.

எடை சுமார் 2,650 கிலோ. இன்றைய மஸ்டங் ஜிடியைவிட ஏறக்குறைய 900 கிலோ அதிகம். விலையும் அதிகம். வாங்க நினைத்தவர்களில் பெரும்பாலோர் பெட்ரோல் எஞ்சினைப் பிரித்து மேய்ந்து பழகியவர்கள். வால்வு கவரைக் கழற்றத் தெரிந்தவரிடம் பேட்டரிப் பெட்டியைக் கொடுத்தால் அவர் கைக்கு என்ன வேலை? 2026க்கு அதன் அடிப்படை மாடலையே நிறுத்திவிட்டார்கள். 2025 செப்டம்பர் இறுதியோடு மின்சாரக் கார்களுக்கான 7,500 டாலர் வரிச்சலுகையும் போய்விட்டது.

மின்சாரக் கார் மேல் எனக்குக் குறை இல்லை. 25,000 டாலருக்கு, எடை குறைந்த, பின்சக்கரம் இழுக்கும் ஒரு மின்சாரக் காரை யாராவது செய்தால், 1964இன் ஆவி அதில்தான் இருக்கும் என்று முதலில் எழுதுபவன் நானாக இருப்பேன்.

ஹைபிரிட் ஆக முடியாதா?

முடியும். கார்வெட் ஈ-ரே ஏற்கெனவே அப்படித்தான் ஓடுகிறது. பின்னால் 6.2 லிட்டர் வி8, முன்சக்கரங்களுக்கு மின்மோட்டார், மொத்தம் 655 குதிரைத்திறன். ஒரு லட்சம் டாலர் காரில் அந்தச் செலவைக் கரைக்கலாம். 45,000 டாலர் காரில் பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் வைத்தால் விலை எங்கே போய் நிற்கும் என்பதுதான் சிக்கல்.

அபராதம் பூஜ்யம் ஆகிவிட்டது. இனி வி8 பொற்காலம்தானா?

உடனடிப் பலன் தெரிகிறது. 2025 ஜூனில் ஸ்டெல்லாண்டிஸின் ராம் 1500 பிக்கப்பில் 5.7 லிட்டர் ஹெமி திரும்பும் என்று அறிவித்தார்கள். முன் மட்கார்டில் ஒரு சின்னம்: எஞ்சினுக்குள்ளிருந்து ஆட்டுக்கிடா தலை நீட்டுவது போல. எதிர்ப்பின் சின்னம் என்று நிறுவனமே அதற்குப் பேர் வைத்தது. ஸ்டெல்லாண்டிஸின் முந்தைய தலைமை அதிகாரி கார்லோஸ் டவாரெஸ் 2024 டிசம்பரில் விலகியதற்கும் இந்தத் திருப்பத்துக்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனாலும் பொற்காலம் என்று சொல்லத் துணிய மாட்டேன். அபராதம்தான் பூஜ்யம், விதி இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. இன்னொரு அரசு வந்து அபராதத்தைத் திரும்ப ஏற்ற முடியும். 2031இல் விற்கப்போகும் எஞ்சினுக்கு இன்று நூறு கோடிக்கணக்கில் பணம் போடுபவர் அதை யோசிக்காமல் இருப்பாரா? அதனால் நிறுவனங்கள் இருக்கிற வி8களையே தொடர்ந்து ஓட்டும், புதிதாக வரைவதில் தயங்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. வெளிநாட்டுச் சந்தையும் கதவை மூடிக்கொண்டே வருகிறது. பிரான்சில் அதிகம் புகைவிடும் காருக்குப் பதிவின்போது விதிக்கும் வரியின் உச்சம் 2025இல் 70,000 யூரோ. மஸ்டங் ஜிடி வாங்குபவர் இன்னொரு மஸ்டங்கின் விலையை வரியாகக் கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவும் 2025இலிருந்து புகை அளவுக்கு உச்சவரம்பு கொண்டுவந்துவிட்டது. வெளியே விற்க முடியாத எஞ்சினின் செலவு முழுவதும் உள்ளூர் வாங்குபவர் தலையில்தான் விழும்.

விலையைப் பாருங்கள். மஸ்டங் ஜிடி 45,000 டாலரைத் தாண்டிவிட்டது. சார்ஜர் சிக்ஸ்பேக் ஏறக்குறைய 50,000இல் ஆரம்பிக்கிறது. மஸ்டங் ஜிடிடி என்ற 815 குதிரைத்திறன் மாடல் 3 லட்சம் டாலருக்கு மேல். 1964இல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் ஜிடிஓ வாங்க முடிந்தது. இன்று அந்த இடத்தில் நிற்கும் பையனுக்கு பழைய கார் சந்தைதான் கதி.

பழைய மசில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது சிக்கல் வருமா?

கஃபே விதியால் வராது. அது புதுக் கார் விற்கும் நிறுவனங்களுக்கு மட்டும். புகைச் சோதனை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கன்வெர்ட்டரைக் கழற்றுவது, புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் ஏற்றுவது ஆகியவற்றுக்குத் தூய காற்றுச் சட்டப்படி தடை உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தியாவில் வாங்க முடியுமா?

ஃபோர்டு 2016இல் மஸ்டங் ஜிடியை முழுதாக இறக்குமதி செய்து, ஷோரூம் விலை சுமார் 65 லட்சத்துக்கு விற்றது. பிறகு ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தி, மறைமலைநகர் ஆலையும் 2022இல் மூடப்பட்டபின் அந்த வழி அடைந்தது. இந்தியாவிலும் 2017 முதல் கஃபே விதி உண்டு. இங்கே சராசரி வண்டி எடையை வைத்து இலக்கு கணக்காகிறது, அது ஒரு முக்கிய வித்தியாசம்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவது?

ஆகஸ்ட் மாத மூன்றாவது சனிக்கிழமை, டெட்ராய்ட்டுக்கு வடக்கே வுட்வர்ட் சாலை. 'வுட்வர்ட் டிரீம் குரூஸ்' என்ற கார் திருவிழா 1995இலிருந்து அங்கே நடக்கிறது. ஃபெர்ண்டேலிலிருந்து போன்டியாக் ஊர் வரை பழைய கார்கள் நாள் முழுக்க ஊர்ந்துகொண்டே இருக்கும். கட்டணம் கிடையாது. மடக்கு நாற்காலி, தண்ணீர், தொப்பி எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்குள் போய் இடம் பிடித்துவிடுங்கள். பெரும்பாலான சொந்தக்காரர்கள் கேட்டால் பானெட்டைத் திறந்து காட்டுவார்கள். எஞ்சின் சூடாக இருக்கும், குழந்தைகள் கையை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.